படத்தில் இல்லாத கன்னம்

அக்கா,

இன்று காலை சுவரிலிருந்து உன் படத்தை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள்: "பெரியம்மாவுக்கு ஒரு கண்ணுதானாம்மா?" துணியும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளியே சிராங்கூன் சாலையில் மாட்டு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. பிள்ளைக்கு என்ன பதில் சொல்ல, நீயே சொல்.

எல்லாம் அந்தச் சரித்திரப் புத்தகத்தால் வந்தது. ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலம் பற்றியது. கன்னியர் மடத்துப் பள்ளியில் உனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். குழம்பு கொதிக்கும்போதுகூட அடுப்படியில் அதை விரித்து வைத்திருப்பாய். இத்தாலியில் ஊருக்கு ஊர் ஒரு பிரபு, ஊருக்கு ஊர் சண்டை என்று எனக்குக் கதை சொல்வாய். "சமாதானம் வேணும்னா ஒரு பொண்ணக் கட்டிக் குடுத்துடுவாங்கடி. அதுக்கு முன்னாடி ஓவியன அனுப்பி அவ மூஞ்சிய வரைஞ்சு வாங்கிப்பாங்க. பொண்ணக் கேட்டாங்களான்னு மட்டும் இதுல எழுதல." புத்தகத்தின் படங்களில் அந்தப் பெண்கள் பலரும் ஒரு கன்னம் மட்டும் தெரியப் பக்கவாட்டில் திரும்பியிருந்தார்கள். பழைய ரோமாபுரிக் காசுகளைப் பார்த்து வந்த பழக்கமாம். அந்தப் படங்களை நீ விரலால் தடவுவதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு நாகப்பட்டினத்துச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்து, "கேமராவ ஏன் இந்த முறை முறைக்கிறாரு?" என்று சிரித்தாய். சிரித்துவிட்டு அதைப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாய். உனக்கு அவரைப் பிடித்துப்போனது எனக்கு அப்போதே தெரியும்.

பதிலுக்கு உன் படம் போக வேண்டும். சீனர் படக்கடையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, புத்தகத்துப் பெண்களைப் போலவே பக்கவாட்டில், சன்னலைப் பார்த்து உட்கார்ந்தாய். இங்கே பார் என்று கடைக்காரர் மலாயில் கெஞ்சினார்: "சினி தெங்கோக், சினி தெங்கோக்!" முடியாது என்று நீயும் மலாயிலேயே சொல்லிவிட்டாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு நீ அவ்வளவு அழகு.

அந்தப் படமே நாகப்பட்டினம் போனது; பதில் கப்பல் தபாலில் மாப்பிள்ளையின் தாயார் கேட்டு எழுதியிருந்தார். மறு கன்னத்தில் அம்மைத் தழும்பா, கண்ணில் பூ விழுந்திருக்கிறதா, எதை மறைக்கிறீர்கள்? உன் முகத்தில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

"நேரா உக்காந்து இன்னொண்ணு எடுத்துட்டா முடிஞ்சுது" என்றார் அப்பா. நீ ஒரு வெள்ளிக் காசை எடுத்து அவர் முன்னால் வைத்தாய். "ராஜாவும் ஒரு பக்கமாத்தாம்பா இருக்காரு. அவருக்கு அம்மை போட்டுச்சான்னு யாராவது கேட்டாங்களா?" பிறகு நீ கொல்லைப்புறத்தில் நின்று அழுதது எனக்கு மட்டும் தெரியும்.

வாரக்கணக்கில் பிடிவாதம் பிடித்தாய். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் என் கையைப் பிடித்து, "சரிடி, நேராவே உக்காந்துடறேன். அவரு என்னப் பாக்கட்டும்" என்றாய். புதன்கிழமை படக்கடைக்குப் போவதாக இருந்தோம். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் கண்டது. அந்த வாரமே உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். எனக்கு இன்னும் ஆறவில்லை, அக்கா.

மகளை மடியில் இழுத்துவைத்துச் சொன்னேன். "பெரியம்மாவுக்கு ரெண்டு கண்ணும் உண்டு. அந்தப் பக்கம் காதோரமா ஒரு மச்சம். சிரிச்சா அந்தக் கன்னத்துல மட்டும் குழி விழும்."

அவள் படத்தை வாங்கி, உன் மறுபக்கத்தைப் பார்க்கத் திருப்பினாள். வெறும் அட்டை. அம்மாவும் அப்பாவும் போய்விட்ட இந்த வீட்டில், அந்தக் கன்னத்தைப் பார்த்தவள் இனி நான் ஒருத்திதான்.