அமலி அக்கா மருந்தைக் குடிக்கவில்லை

என் பிரியத்துக்குரிய அமலி அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வாக்கப்பட்ட ஊரின் கோயிலில், பூசை முடிந்து அறிவிப்புகள் வாசித்த பிறகு, உன் பெயரைச் சொன்னார்கள். நீ மருந்து குடித்துச் சாகவில்லை என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்கள். இதைக் கேட்டு நீ சந்தோஷப்படுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை அக்கா.

யார் சொன்னது, ஏன் இத்தனை தாமதம் என்று கேட்பாய். முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் உண்டு. ஆனால் இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாதே.

உனக்குப் பிள்ளை இல்லை என்று ஊர் பேசத் தொடங்கிய சமயத்தில்தான் அப்பா ஒரு கறுப்புக் கன்னி நாய்க்குட்டியைப் பைக்குள் வைத்து, எட்டயபுரம் பஸ்ஸில் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்தார். ரோசி என்று பெயர் வைத்தாய். வேட்டை நாய் வர்க்கம். உன் வீட்டில் அது வேட்டையாடியது உன் சேலை முந்தானையை மட்டும்தான். நீ தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வரும் நேரம் அதற்குத் தெரியும். தெரு முனைவரை வந்து நிற்கும்.

அந்த வருஷம் பருத்தி எடுத்து முடிந்த வெயிலில் உண்ணி பெருகிப்போனது. ரோசியின் காது மடலிலும் கால் விரலிடுக்கிலும் ஆமணக்கு முத்து மாதிரி ஊதிப்போய் ஒட்டியிருக்கும். நீ சிரட்டையில் மண்ணெண்ணெய் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவாய். வேப்பெண்ணெய் தடவுவாய். பிடுங்கப் பிடுங்க வந்தது. அவை சுவர் வெடிப்பிலும், ரோசி படுக்கும் சாக்கிலும் முட்டையிட்டுப் பெருகுகின்றன என்று நமக்கு யார் சொன்னார்கள்?

கோவில்பட்டி மாட்டாஸ்பத்திரியில் இதற்கென்று மருந்து தருகிறார்களாம், வண்டியில் கூட்டிப்போங்கள் என்று அந்தோணி அத்தானிடம் கேட்டிருக்கிறாய். மனுசனுக்கே ஆஸ்பத்திரி போக நேரமில்லை, நாய்க்குப் போகணுமாக்கும் என்று உன் புருஷன் சிரித்தாராம். அதை நீ என்னிடம் சொன்னபோது நீயும் சேர்ந்து சிரித்தாய். ஏன் சிரித்தாய் அக்கா?

பிறகு உன் ஓரகத்தி ஞானக்காவின் மகள் ஷீபாவின் காதுக்குள் ஒரு உண்ணி ஏறிக்கொண்டது. சின்னப் பிள்ளை, துடித்துப்போனது. டாக்டர் எடுத்துவிட்டார். அதற்கு மறுநாள்தான் நீ எங்களை விட்டுப் போனாய்.

எங்களுக்கு வந்த தகவல் இவ்வளவுதான்: அமலி வயிற்றுவலி தாங்காமல் பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள், கீழே சிந்தியதை நக்கி நாயும் செத்துவிட்டது. உனக்கு எப்போது அக்கா வயிற்றுவலி இருந்தது?

அம்மாவும் நானும் ஓடி வந்தபோது உன்னை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் குழாய் விட்டு வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உனக்கு வேர்த்துக் கொட்டியது. உன் சேலை இடுப்பிலிருந்து முழங்கால்வரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அதில் ரோசியின் கறுப்பு முடி. குனிந்து உனக்கு முத்தம் கொடுத்தேன். வாயில் மருந்து வாடை இல்லை. சேலையிலிருந்துதான் குப்பென்று அடித்தது.

நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொன்னேன், இந்தச் சேலையை மாற்றுங்கள் என்று. அத்தானின் சித்தப்பா ஒருவர் என்னைப் பிடித்து வெளியே தள்ளினார். “உயிரு போவுது, இவளுக்குச் சேலை மாத்தணுமாம்” என்றார். பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், அந்தச் சேலையோடேயே நீ போய்விட்டாய்.

போலீஸ், பிரேதப் பரிசோதனை எல்லாம் முறையாக நடந்தது. உடம்பில் விஷம் இருந்தது. அது எந்த வழியாக உள்ளே போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, புருஷனே சொல்லிவிட்டாரே.

அப்போதிருந்த பங்குச் சாமியார் வயதானவர், கண்டிப்பானவர். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவளுக்குப் பூசை இல்லை என்றார். துக்க மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, உடைமரத்தடியில் உன்னை வைத்தார்கள். அப்பா அதோடு அந்த ஊருக்குப் போவதை விட்டார். அம்மா நம் ஊர்க் கோயிலில்கூட கடைசி வரிசையைத் தாண்டி வந்து உட்காரவில்லை.

அம்மா போன வருஷம் இறந்துபோனாள் அக்கா. நினைவு தப்புவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, “அமலி எங்கட்டி இருப்பா?” என்று கேட்டாள். மோட்சத்திலா, நரகத்திலா என்பதுதான் கேள்வி. “மோட்சத்துலதாம்மா” என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் நம்பவில்லை.

எனக்குக் கல்யாணமாகி இப்போது கோவில்பட்டியில் இருக்கிறேன். நானும் ஒரு நாய் வளர்க்கிறேன். அதற்கு முதல்தடவை உண்ணி வந்தபோது கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? நாய்க்கென்று இருக்கிற மருந்தைச் சொன்ன அளவு தண்ணீரில் கலக்கணும். கையுறை போட்டுக்கொண்டு துடைத்துவிடணும். காயும்வரை நக்கவிடக் கூடாது. படுக்கிற சாக்கை எரித்துவிட்டு, சுவர் வெடிப்பைப் பூசணும். இப்போது பிடரியில் சொட்டுவிடுகிற மருந்தும் வந்துவிட்டது. விட்டால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை.

வயலுக்கு அடிக்கிற மருந்தைப் போடலாமா என்று வேண்டுமென்றே கேட்டேன். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நாய்க்கு மட்டுமில்லை, தொடுகிற ஆளுக்கும் தோல் வழியாகவே உள்ளே போய்விடும் என்றார். அப்படி ஆகிவிட்டால் முதல் வேலையாக நனைந்த துணியை அவிழ்த்துப் போட்டு உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவணும் என்றார்.

ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? நடந்ததைப் பார்த்தவர்கள் வாயைத் திறக்காதபோது, ஒரு சேலை வாடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?

வாய் திறந்தது இந்தக் கோடையில்தான். ஷீபா இப்போது காலேஜில் படிக்கிறாள். ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அதற்கும் உண்ணி. அந்தோணி அத்தான் அதே மாதிரி பருத்தி மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஞானக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்து, அமலியைக் கொன்றது போதாதா என்று கத்திவிட்டாள். ஷீபா விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, தன் அம்மாவை என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள்.

“அன்னைக்கு மத்தியானம் உங்க அத்தான் என் கண்ணு முன்னாலதான் நாய் மேல ஊத்துனாவ” என்றாள் ஞானக்கா. “டப்பா அடியில கெடந்த பருத்தி மருந்து. தண்ணிகூடக் கலக்கல. நாயைக் கட்டிப்போட்டு, கையில சாக்கைச் சுத்திக்கிட்டுத் தேச்சுவிட்டுட்டு வயலுக்குப் போயிட்டாவ. அமலி வந்து பாத்தா அது நொரை தள்ளிக்கிட்டுக் கெடக்கு. அப்படியே தூக்கி மடியில போட்டுக் கழுவுனா. செத்த பெறகும் மடிய விட்டு எறக்கல.”

நீ மயங்கி விழுந்த பிறகுதான் அத்தான் வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கேட்டதும், குடித்துவிட்டாள் என்று அவர் வாயில் வந்திருக்கிறது. அதன்பின் மாற்றிச் சொல்லவில்லை. ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று ஞானக்காவிடம் கேட்டேன்.

“எம் புள்ளைக்காவத்தான ஊத்துனாவ. நான் எப்படிட்டி சொல்லுவேன்?”

“அவிய கையில சாக்கைச் சுத்திக்கிட்டதப் பாத்தியள்லா? எங்க அக்கா வெறுங்கையால தூக்கும்போது ஒரு வார்த்தை சொன்னியளாக்கா?”

அவள் அழுதாள். ஷீபாவும் அழுதாள். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. அது என்ன செய்யும்?

ஞானக்காவைக் கூட்டிக்கொண்டு இப்போதைய சாமியாரிடம் போனேன். இளவயதுக்காரர், தன்மையாகப் பேசினார். இப்போதெல்லாம் மருந்து குடித்து இறந்தவர்களுக்கும் பூசை உண்டு, யாரையும் ஒதுக்குவதில்லை, கவலைப்படாதீர்கள் என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் என் முன்னால் வந்து நின்றன. யாரும் இப்போது கடைப்பிடிக்காத ஒரு சட்டத்துக்காகவா அவள் அப்படி உட்கார்ந்தாள்?

“சாமி, எங்க அக்கா அதைச் செய்யவே இல்லை. அதைத்தான் சொல்லணும்” என்றேன். அவர் குடும்ப மானம் என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு, பார்த்தவர்கள் சொல்வதானால் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அறிவிப்புகளுக்குப் பிறகு ஞானக்கா சொன்னாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். ஆண்கள் பக்கத்தில் அத்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், செத்தவளைப் பற்றி இப்போது எதற்கு இதெல்லாம் என்று ஒருவர் சொன்னார். ஒரு நாய்க்காகப் போய்ச் செத்திருக்கிறாளே என்று இன்னொருத்தி சிரித்தாள். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த நியாயம் இதுதான் அக்கா.

அத்தான் வாசலில் என்னிடம் வந்தார். மறுகல்யாணம் செய்து இரண்டு பிள்ளைகள் அவருக்கு. “நான் வேணும்னுட்டா ஊத்துனேன், ஸ்டெல்லா? எம் புள்ளைக பள்ளிக்கூடம் போவணும். இதோட விட்ரு.”

“ஊத்துனது தெரியாம ஊத்துனது, அத்தான். குடிச்சான்னு சொன்னது தெரிஞ்சுதான சொன்னிய?”

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உன் பெயரை ஒருதரம்கூட அவர் சொல்லவில்லை.

உன்னைத் தோண்டி எடுத்து, சுவருக்கு உள்ளே நல்ல இடத்தில் வைக்கலாம் என்றார் சாமியார். வேண்டாம் என்றேன். உன்னை எங்கே தள்ளி வைத்தார்கள் என்பதை வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும். வருகிற கல்லறைத் திருநாளுக்குள் அந்த உடைமரத்தடியிலேயே உனக்குச் சிலுவையும் கல்லும் வைப்பேன், உன் முழுப்பெயரோடு. மெழுகுவர்த்தி ஏற்ற நானே வருவேன், என் காலம் உள்ளவரை வருஷம் தவறாமல் வருவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அத்தானை மன்னித்துவிடு என்று சாமியார் என்னிடம் கேட்டுக்கொண்டார். அதற்கு மட்டும் நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா