இருபத்திரண்டு விநாடிக்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும். நானும் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

பதினொரு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. கடைசியாக நீ சொன்னது, "உங்ககிட்ட இதை நான் எதிர்பார்க்கலப்பா." அவ்வளவுதான், வைத்துவிட்டாய். போனில் இரண்டு வரிக்கு மேல் எனக்குத் தட்டத் தெரியாது. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான். "கதவு சரியாக மூடவில்லை, சரிசெய்யப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதியதைத் தவிர நீளமாக எதுவும் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் கடைசி வரை படி. கோபத்தோடு படித்தாலும் சரி. நானும் கோபத்தோடுதான் எழுதுகிறேன், உன் மேல் உள்ளதையும் சேர்த்து.

நீ பார்த்த வீடியோவை நானும் பார்த்தேன். ரொட்டிக் கடைக்காரம்மா தன் போனில் காட்டினாள். காட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியை மட்டும் நகர்த்தி வைத்தாள். மொத்தம் இருபத்திரண்டு விநாடி. ஒரு கிழவன் குடையைத் தூக்குகிறான், ஒரு நாயை அடிக்கிறான், மறுபடி அடிக்கிறான், நாய் அலறிக்கொண்டு ஓடுகிறது. கீழே எழுதியிருந்தார்கள், இவனெல்லாம் மனுஷனா என்று. வாரக் கடைசியில் நாய்க் காப்பகத்துக்குப் போய்க் கூண்டு கழுவுகிறவள் நீ. உன் வயிறு எரிந்திருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இருபத்திரண்டு விநாடிக்கு முன்னால் நாலு மாசம் இருக்கிறது, பாப்பா. அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

நம் தெருக் கடைசி வீட்டுக்கு நாலு மாசம் முன்பு ஒருவர் குடிவந்தார். பெரிய மரச்சாமான் கடை வைத்திருப்பவர். கூடவே அந்த நாய். செம்பழுப்பு நிறம், அகலமான தலை, என் இடுப்பு உயரம். நல்ல நாய்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டு இரும்புக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. நாய் தலையால் முட்டினால் கதவு திறக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை கூடிப்போய், காலையில் முக்கால் மணி நேரம் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். இருப்பது ஒரே தெரு. ஒரு பக்கம் மதில், மறு பக்கம் வீடுகள். பூங்காவுக்கு அந்த வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முதல் நாளே அது பாய்ந்து வந்து அம்மாவைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். அவர் வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டு சிரித்தார். "ஒண்ணும் பண்ணாது சார், விளையாடுது." அன்றைக்கு நானும் இளித்துவிட்டு வந்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. அடுத்த வாரம் பேப்பர் போடுகிறவரின் கால்சட்டையைக் கிழித்தது. அப்போதும் "ஒண்ணும் பண்ணாது" தான். உன் அம்மா அவருக்குப் பெயரே வைத்துவிட்டாள், ஒண்ணும்பண்ணாதார் என்று. சிரித்துக்கொண்டுதான் வைத்தாள். ஆனால் மறுநாளிலிருந்து நடக்கப் போகவில்லை. மொட்டை மாடியிலேயே சுற்றினாள். எண்பது சுற்று சுற்றினால் முக்கால் மணி. தலை சுற்றி, தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை நான்தான் கீழே கூட்டி வந்தேன்.

நான் சண்டைக்காரன் இல்லை என்று உனக்குத் தெரியும். முதலில் தன்மையாகத்தான் போய்ச் சொன்னேன், நடக்கிற நேரத்தில் மட்டும் கட்டிப் போடுங்கள் என்று. கட்டிப் போட்டால் அதன் மனசு வாடும் என்றார். என் பெண்டாட்டியின் மனசு என்ன ஆகும் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். இரண்டாம் முறை என் கருவிப் பெட்டியோடும் ஒரு புதுத் தாழ்ப்பாளோடும் போனேன். பத்து நிமிஷ வேலை, நானே மாட்டித் தருகிறேன் என்றேன். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "எங்களுக்கு ஆள் இருக்காங்க பெரியவரே, அவங்க பாத்துப்பாங்க." அந்த ஆள் இன்றுவரை வரவில்லை.

குடியிருப்போர் சங்கத்தில் சொன்னேன். சங்கக் கூடத்தில் எல்லாரும் உட்காரும் நாற்காலிகள் அவர் கடையிலிருந்து இனாமாக வந்தவை. யார் வாயைத் திறப்பார்கள்? கொஞ்ச நாள் நடக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்களேன் என்று தலைவர் எனக்கு யோசனை சொன்னார். நகராட்சி அலுவலகத்துக்கும் போனேன். அங்கிருந்த எழுத்தர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, "கடிச்சிருச்சா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "கடிச்ச பிறகு வாங்க." மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாப்பா, வேலை பார்த்த காலத்தில் கதவு சரியாக மூடாத ஒரு லிஃப்டை நான் ஒரு நாளாவது ஓட விட்டிருக்கிறேனா? யாராவது விழட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேனா?

இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படி.

மூன்று வாரம் முன்பு ஒரு காலை, அம்மாவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "நம்ம தெருவுல நடக்க நாம எதுக்குங்க பயந்து சாகணும்? வாங்க." நான் குடையை எடுத்துக்கொண்டேன். மழை இல்லை. எதற்கு எடுத்தேன் என்று உனக்குப் புரியும். அந்த வீட்டைத் தாண்டும்போது கதவு முட்டித் திறக்கிற சத்தம் கேட்டது. ஓடாதே, அசையாமல் நில் என்று நீதான் முன்பு அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய். நின்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், கல் மாதிரி நின்றாள். அது நேராக அவள் மார்பில் பாய்ந்தது. மல்லாந்து விழுந்தவள் வலது கையை ஊன்றினாள். அந்த எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நாய் அவள் ஸ்வெட்டரின் கையைக் கவ்வி உலுக்கிக்கொண்டிருந்தது. முறிந்த கை அதோடு சேர்ந்து ஆடியது. அவள் கத்தவில்லை, என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீ பார்த்த வீடியோ. மதிலுக்கு அப்பால் இருக்கிற வீட்டு மாடியிலிருந்து எடுத்தது. மதில் ஓரம் விழுந்து கிடந்த உன் அம்மா அதில் தெரிய மாட்டாள்.

வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு. தகடு வைத்து ஆறு திருகு முடுக்கியிருக்கிறார்கள். முழங்கைக்குக் கீழே பல் பட்ட இடத்தில் நாலு தையல். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள், இடது கையால். நீ வேலையில் சேர்ந்து ஆறு மாசம் முடியவில்லை, விஷயம் தெரிந்தால் போட்டது போட்டபடி ஓடிவருவாய், அந்த வேலை போய்விடும் என்றாள். நீ அவளோடு பேசும்போதெல்லாம் போனை அவள் காதருகே பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான். "அப்பா அப்படிச் செய்வார்னு நினைக்கவே இல்லம்மா" என்று நீ அவளிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. போனைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டேதான் நின்றேன். உன் மேல் எனக்குள்ள கோபம் அதுதான். அடித்தேன் என்று நம்பினாய், சரி. ஏன் அடித்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

இதுவரை சனிக்கிழமை எழுதியது. சத்தியத்தை மீறி இதைத் தபாலில் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மடித்து வைத்திருந்தேன். நேற்று சங்கக் கூட்டம் நடந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒண்ணும்பண்ணாதார் சங்கத்தில் மனுக் கொடுத்திருந்தார். என் பெயர் போட்டுத் தட்டச்சு செய்த தாளை மேசையில் தயாராக வைத்திருந்தார்கள். கையெழுத்துதான் பாக்கி. நாயின் முன்னங்கால் உடைந்துவிட்டது, அது ராத்திரி எல்லாம் அழுகிறது என்று அவர் தழுதழுத்த குரலில் சொன்னார். நாலைந்து பேர் உச்சுக் கொட்டினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கூடத்து வாசலில் சலசலப்பு. வீட்டில் படுத்திருக்கிறாள் என்று நான் நினைத்திருந்த உன் அம்மா, கழுத்தில் தொட்டில் கட்டிய கையோடு உள்ளே வந்தாள். பேப்பர் போடுகிறவர் அவளைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

மன்னிப்பு யாரிடம் கேட்க வேண்டும் என்று கேட்டாள். "நாய்கிட்டன்னா சொல்லுங்க, இப்பவே வந்து நானே கேக்கறேன். வாயில்லாத ஜீவன், அதுக்கு என்ன தெரியும்? இவர்கிட்டன்னா முடியாது. நான் தரையில கிடந்தப்ப இவர் கையில காப்பி இருந்துச்சு. கோப்பையக் கீழ வைக்கக்கூட இவருக்கு மனசு வரல." கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை. பிறகு தையல் போட்ட கையைக் காட்டினாள். துணி தைத்துக்கொடுத்தே இந்தத் தெருவில் பாதிப் பேருடைய உடம்பளவைத் தெரிந்து வைத்திருப்பவள், இனி கத்தரிக்கோல் பிடிக்க ஆறு மாசமாவது ஆகும் என்றாள். பேப்பர்காரர் தன் கிழிந்த கால்சட்டையைப் பையிலிருந்து எடுத்து, அந்தத் தாள் மேலேயே போட்டார்.

தலைவர் கால்சட்டையைத் தாளிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். ஆனாலும் விடவில்லை, என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரி சார். ஒரு அடியிலேயே விட்டுருச்சே, அப்புறம் எதுக்கு அத்தனை அடி?"

உன் அம்மா முந்திக்கொண்டாள். பயத்தில் மனுஷன் எண்ணிக்கொண்டா அடிப்பான் என்று கேட்டாள். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். தாளை மடித்து வைத்துவிட்டார்கள். ஒண்ணும்பண்ணாதார் எழுந்து போய்விட்டார். கடித்துவிட்டதால் இப்போது நகராட்சியும் மனுவை வாங்கிக்கொண்டு, கட்டிப்போடச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. உன் அப்பன் ஜெயித்துவிட்டான் என்று வைத்துக்கொள்.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நாலு அடி அடித்தேன். முதல் அடியிலேயே அது பிடியை விட்டுவிட்டது. இரண்டாவது, அது மறுபடி அவள் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் அடித்தது. அதோடு அது பின்வாங்கிவிட்டது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டு, "அடிக்காதீங்க, அது விளையாடத்தான் வந்துச்சு" என்று கத்தினார். கையில் கோப்பை அப்படியே இருந்தது. அவரை அடிக்க எனக்குத் தைரியம் இல்லை, பாப்பா. மூன்றாவதையும் நாலாவதையும் அவருக்காக அடித்தேன். அவருக்கு மட்டுமா? நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள், மனுவைத் திருப்பிக் கொடுத்தவர், என்னைப் பெரியவரே என்றது, எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்தேன். வாங்கிக்கொண்டது அது. நாலாவது அடியில்தான் கால் ஒடிந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எய்தவன் எதிரில் நிற்கும்போதே நான் அம்பைப் போட்டு ஒடித்தேன்.

கால்நடை மருத்துவரிடம் போய் விசாரித்தேன். நான் யார் என்று சொல்லவில்லை. எலும்பு சேர்ந்துவிடும், ஆனால் கொஞ்சம் நொண்டும் என்றார். இன்று காலை அந்த வழியாகப் போனேன். அரை கஜச் சங்கிலியில், வெயிலில், கட்டுப்போட்ட காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் தண்ணீர்கூட இல்லை. நாலு மாசம் கட்டிப்போடவே மாட்டேன் என்றவர், இப்போது அவிழ்க்கவே மாட்டார் போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் அது குரைக்கவில்லை, சுவரோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே போய் அந்த மனிதனின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று இருந்தது. மணியை அழுத்தி, நாய்க்குத் தண்ணீர் வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் மனைவி ஒரு வாளியில் கொண்டுவந்து வைத்தாள். அது குடிக்கும் வரை நின்றுவிட்டு வந்தேன்.

அதனால் நீ என்னை நினைத்தது பாதி சரிதான். மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டு கோபப்படு என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

இங்கே நடக்கிற வேலைகளைச் சொல்கிறேன். சமையல் நான்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, உப்பு, அடுப்பைக் குறை என்று அதிகாரம் செய்கிறாள். தலை வாரிப் பின்னவும் பழகிவிட்டேன், கோணலாக வருகிறது என்று திட்டுகிறாள். ராத்திரி தூக்கத்தில் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறாள். பகலில் எதுவும் நடக்காதது மாதிரி இருக்கிறாள். நடக்கப் போகலாம் என்று கூப்பிட்டால், நாளைக்கு என்கிறாள். இருபத்திரண்டு நாளாக நாளைக்குத்தான்.

கூட்டம் முடிந்து வந்ததும், இனி உன்னிடம் மறைக்க வேண்டாம், எழுதுங்கள் என்று அவளே சொல்லிவிட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே வழியில் எந்த நாயைப் பார்த்தாலும் என் ஞாபகம் வந்து ஒதுங்கிப் போகாதே, எப்போதும் போல் இரு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

லீவு கேட்டு வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், புறப்பட்டு வர வேண்டாம் என்று கட்டாயம் எழுதச் சொன்னாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

உன்
அப்பா