மூன்றாம் ஓலைக்கு முன்

ஜனவரி 22, புதன்

வீடு திரும்பினேன். நாக்கு இன்னும் வலிக்கிறது, கடித்துக்கொண்டேனாம். காய்ச்சலோடு படுத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து கண் திறந்தது பெங்களூர் ஆஸ்பத்திரியில்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். ஃப்ளூ மூளை வரை போய்த் தொந்தரவு கொடுத்ததால் வந்த வலிப்பு. சில மாதம் மாத்திரை, ஸ்கூட்டர் கூடாது. "திரும்ப வர வாய்ப்பு கம்மி. வரவே வராதுன்னு எழுதித் தர முடியாதும்மா."

வெளியே வந்ததும் அம்மா: "யாராச்சும் கேட்டா மயக்கம்னு சொல்லு. கல்யாணப் பொண்ணு நீ."

நான் ஆஸ்பத்திரியில் கிடந்த ஞாயிறன்றே கோயில் ஆராதனையில் எங்கள் முதல் கல்யாண ஓலையை வாசித்துவிட்டார்கள்: ஃப்ரெடிக்கும் வின்னிக்கும் விவாகம், தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று. இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும். ஃப்ரெடியிடமும் அம்மா மயக்கம் என்றே சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 24

மயக்கத்துக்கு ஆளுக்கொரு வைத்தியம். வீடு முழுக்கப் பேரீச்சம்பழம். ஃப்ரெடிக்கு உண்மையை மெசேஜ் தட்டினேன், அழித்தேன். அம்மாவைக் குறை சொல்கிறேனே, எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது?

ஜனவரி 26, ஞாயிறு

எங்கே போய் முட்டிக்கொள்வது! ஆஸ்பத்திரியில் கூட இருந்த ஈவ்லின் அத்தை ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாள். இரண்டாம் ஓலையை வாசித்த பாஸ்டர் மூச்சுவிடாமல் அடுத்த தாளை எடுத்தார்: "வலிப்பினால் அவதிப்படும் நம் சகோதரி வின்னிக்காக ஜெபிப்போம்."

கோயிலே ஆமென் சொன்னது. ஃப்ரெடியின் அம்மா ஐடா ஆன்ட்டி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார்.

வீட்டில் ஒரே சண்டை. "ஜெபந்தானே கேட்டேன், பேப்பர்லயா போட்டேன்?" என்கிறாள் அத்தை.

ஜனவரி 27

ஐடா ஆன்ட்டி போன். "மூணாவது ஓலைய நிறுத்தி வெக்கலாம். முன்னாடியே இர்ந்துச்சா இன்னா?"

ஃப்ளூவால் வந்தது என்றேன்.

"ஃப்ளூ எங்க வூட்லயுந்தான் எல்லார்க்கும் வந்துச்சி."

ஃப்ரெடி போனை எடுக்கவில்லை. போனால் போகட்டும். இல்லை — போகட்டும் இல்லை. எனக்கு அவன் வேண்டும்.

ஜனவரி 30, வியாழன்

ஷிப்ட் முடிந்து நேரே வந்தான். உட்காரவே இல்லை.

"நீயே சொல்லியிர்க்கலாம் இல்ல? கோயில்ல எல்லார் கூடவும் சேந்து நானும் கேள்விப்படறேன்."

அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் எழுதித் தர மாட்டேன் என்றதையும். தோள் பையை இறக்கி வைத்தான்.

"சரி. மறுபடி வந்தா நான் இன்னா பண்ணணும்?"

இத்தனை பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி. டாக்டர் சொல்லித் தந்ததைச் சொல்லத் தொடங்கினேன். "படுத்துக் காட்டு" என்றான். கூடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். மூட்டை புரட்டுவது போல ஒருக்களிக்கத் தள்ளினான்.

"மெதுவா! வாயில எதுவும் வெக்காத. புடிச்சி அமுக்காத. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்."

காப்பியோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மூன்றாம் ஓலையை வாசித்தார்கள்; நிறுத்த வேண்டாம் என்று ஃப்ரெடியே பாஸ்டரிடம் சொல்லியிருக்கிறான். ஐடா ஆன்ட்டி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாகத்தான் வீடு திரும்பினேன்.

சாயங்காலம் ஃப்ரெடியிடமிருந்து மெசேஜ்: "தம்பியப் படுக்க வெச்சி அம்மா பழகினு இர்க்காங்க. எடது பக்கம் திருப்பணுமா, வலது பக்கமான்னு கேக்கறாங்க."

இடது என்று அனுப்பினேன்.