ரொட்டி வண்டியில் உன் ஹாரன்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌகரியமாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்புவதைத் தவிர வேறு என்ன செய்ய. வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், நான் வாயைத் திறந்தால் முழங்கையால் இடிக்கிறாள். அதனால் அவள் காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போன நேரமாகப் பார்த்து, முன் அறையில் தையல் மிஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மிஷினைத் திட்டிக்கொள்.

விஷயம் என்னவென்றால், கார் லேசாக உரசிவிட்டது, வேலைக்கு விட்டிருக்கிறோம் என்று அம்மா உன்னிடம் சொன்னாள் அல்லவா, உரசவும் இல்லை, வேலைக்கு விடவும் இல்லை. ஆஸ்பத்திரி முனையில் மழையில் அம்மா ஓட்டிக்கொண்டு போகும்போது ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் வந்து இடித்து, கார் ஒரு சுற்றுச் சுற்றி விளக்குக் கம்பத்தில் போய் மோதி நின்றது. பதறாதே, அம்மாவுக்கு இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டிருந்தது, அவ்வளவுதான், கட்டுப் பிரித்தாகிவிட்டது, இப்போது என்னைத் திட்டும்போது அந்தக் கையைத்தான் நீட்டித் திட்டுகிறாள். கட்டு இருந்தவரை வீடியோவில் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு பேசினாளே, நீ கவனித்தாயோ என்னவோ. புள்ள அங்க தனியா உக்காந்து அழும், நீங்க வாயைத் திறந்தீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு என்று என்னை மிரட்டி வைத்திருந்தாள். நானும் அன்றைக்கு அவளோடு போக வேண்டியவன்தான், ஒருத்தர் கால்சட்டையைச் சுருக்கித் தரச் சொல்லி வந்து உட்கார்ந்துவிட்டார், அதனால் போகவில்லை.

காரைப் பார்த்த மெக்கானிக் இதைச் சரி பண்றது வீண் வேலை, பிரிச்சு வித்துருங்க என்று அங்கேயே சொல்லிவிட்டார். அம்மா கேட்டால்தானே. இழுத்து வந்து வீட்டு வாசலில் போட்டு, தார்ப்பாய் மூடி, காலையில் எழுந்ததும் பாயை விலக்கி உடையாத பக்கத்துக் கண்ணாடியை ஒற்றைக் கையால் துடைப்பாள். நொறுங்கிப்போன வண்டிக்குச் சிங்காரம் எதற்கு, வித்துத் தொலைக்கலாமே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். துடைத்துக்கொண்டே, வித்துட்டா அவ வந்தா எதுல போயி கூட்டிட்டு வர்றது என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைத்தெரு நடக்கிற தூரத்தில் இருக்கிறது, எனக்கோ வண்டி ஓட்டவே தெரியாது, இந்தக் கிழட்டுக் காருக்கு வருஷா வருஷம் இவள் ஆயில் மாற்றி டயர் மாற்றிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தது விமான நிலையம் போய்வர ஒரே ஒரு பயணத்துக்காக. நீ இந்த வருஷமும் லீவு கிடைக்காதும்மா என்று சொன்னாயே, அன்றைக்கு போனை வைத்துவிட்டு வந்து, அந்தக் காயலான் கடைக்காரரை வரச் சொல்லுங்க என்றாள். உன்னைக் குற்றம் சொல்லவில்லை சின்னு, உன் வேலை எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காயலான் கடைக்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும், எல்லோரும் ஸ்பானர் என்று கூப்பிடுவோமே, வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சியைக் கடித்துக்கொண்டு நிற்பாரே, அவர்தான். வந்ததும் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கதவில் ஒரு கோடு, டிக்கியில் ஒரு கோடு, ரேடியேட்டரில் ஒரு கோடு என்று போட்டு, எது யாருக்குப் போகும் என்று அதிலேயே எழுதினார். நான் துணியில் வெட்டுவதற்கு முன் போடுகிற மாதிரியேதான் போட்டார், அதனால் எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. கடைசியில் ஸ்டியரிங் பக்கம் கையை விட்டு ஹாரனை ஓர் அழுத்து அழுத்தினார். அத்தனை அடிபட்டும் அது மட்டும் சாகவில்லை, தெருவே அதிர்ந்தது, அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்துவிட்டாள். நீ காலேஜில் படிக்கும்போது பழைய ஹாரன் ஊமையாகிப்போய், நானே மாத்துறேன் என்று இதே ஸ்பானரிடம் போய் ஒரு லாரி ஹாரனை வாங்கி வந்து இந்தச் சின்னக் காரில் மாட்டினாயே, அதே சனியன்தான். பூனை உடம்புல யானைத் தொண்டை என்று அம்மா உன்னை அப்போது திட்டித் தீர்த்தாள், ஆனால் கழற்ற மட்டும் விடவில்லை. தெருமுனையில் சின்னதாக ஒன்று, நீளமாக ஒன்று அடிப்பாள், நீ எங்கிருந்தாலும் ஓடிப்போய் கேட்டைத் திறப்பாய். நீ போன பிறகும் அவள் அடிப்பதை நிறுத்தவில்லை, கேட் திறக்கிற உத்தியோகம் எனக்கு வந்து சேர்ந்தது. ஊசியில் நூல் கோத்த பாதியில் எழுந்து போய்த் திறப்பேன், முனகிக்கொண்டேதான் திறப்பேன். இப்போது முனகவும் வழியில்லை.

எல்லாவற்றையும் கொண்டுபோகச் சொன்ன நான் ஒன்றே ஒன்றை மட்டும் விடவில்லை. முன் சீட்டில் நீ உட்காருகிற பக்கத்து உறை, நான் தைத்தது, நீ ஜன்னல் பக்கமே சாய்ந்து சாய்ந்து தேய்ந்துபோய் நான் ஒட்டுப் போட்டேனே, அதை பிளேடால் தையல் பிரித்து எடுத்துக்கொண்டேன். அதுக்கு ஆள் கேக்க மாட்டாங்கண்ணே, நீங்களே வச்சுக்குங்க என்றார் ஸ்பானர். வாசல் காலியான பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. இனிமே ஸ்டியரிங்கைத் தொட்டா ஏன்னு கேளுங்க என்று சொல்லி அம்மா லைசென்ஸை பீரோவின் அடித்தட்டில் போட்டுப் பூட்டிவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்தவள் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. கார் போனதற்கு யாராவது அப்படி உட்கார்ந்திருப்பார்களா, கார் போனதற்காக அவள் உட்காரவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம் தெருமுனையில் அந்த ஹாரன் அடித்தது. சின்னதாக ஒன்று, நீளமாக ஒன்று. நான் மிஷினை விட்டு எழுந்துவிட்டேன், கேட்டில் கை வைத்த பிறகுதான் வண்டியே இல்லையே என்று புத்திக்கு வந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மாவும் ஈரக் கையோடு எனக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை. வந்தது ரொட்டி விற்கிற வேன், ஸ்பானர் ஹாரனை அந்த வேன்காரருக்குத்தான் விற்றிருக்கிறார், அவர் அடிக்கிற வழக்கமும் தற்செயலாக அதேதான். இரண்டு பேர் வாசலில் நிற்பதைப் பார்த்து, ரொட்டிக்குத்தான் காத்திருக்கிறோம் என்று நினைத்து அவர் வண்டியை நிறுத்திவிட்டார். இல்லை என்று சொல்ல வெட்கமாகிப்போய் வாங்கிவிட்டோம். மறுநாளும் நிறுத்தினார், அதற்கும் மறுநாள் நிறுத்தினார், இந்த வீட்டில் இப்போது ரொட்டிக்குப் பஞ்சமே இல்லை.

போன வாரம்தான் அம்மா அவரிடம் ஹாரன் கதையைச் சொன்னாள். அட, நீங்களே ஒரு தடவை அடிச்சுப் பாருங்கக்கா என்று அவர் இறங்கி நின்றார். ஏறி உட்கார்ந்தவள் ஹாரனை அடித்ததோடு விட்டாளா, கியரைப் போட்டு தெருமுனைவரை போய்த் திரும்பி வந்துவிட்டாள், ரொட்டிக்காரர் பின்னாலேயே ஓடினார். இறங்கும்போது, என் பொண்ணு வர்ற அன்னிக்கு இந்த வண்டியைக் குடுப்பியா, நானே ஓட்டிட்டுப் போயி கூட்டிட்டு வந்துருவேன் என்று கேட்டாள். அதுக்கென்னக்கா, பாப்பா வரட்டும், ஒரு நாள் ரொட்டி லேட்டானா ஊரு பட்டினியா கிடக்கப் போகுது என்றார் அந்தப் புண்ணியவான். லைசென்ஸ் பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை, வேனில் முன் சீட்டு பெரியது, மூன்று பேர் உட்காரலாம், கிழிந்து கிடந்தது, உன் சீட்டு உறையைப் பிரித்து அளவெடுத்து நடுவில் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். ஒட்டுப் போட்ட இடத்தை அப்படியே வைத்திருக்கிறேன்.

வேளா வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே. அடிபட்டதை நான் எழுதியதாக அம்மாவிடம் மூச்சு விடாதே, விட்டால் எனக்குச் சோறு கிடையாது. உனக்கு ஒரு குறையும் வராது, எங்கள் இருவர் மனதும் எப்போதும் உன்னோடுதான் இருக்கிறது. அம்மா மாடியிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்கிறது, ரொட்டி வண்டி வருகிற நேரமாகிவிட்டது, நிறுத்திக்கொள்கிறேன். தேதி மட்டும் சொல் சின்னு, எப்போது என்றாலும் சரி, நாங்கள் வந்துவிடுகிறோம். ஒன்று சொல்ல விட்டுப்போனது. ரொட்டி வாங்க கேட்டில் ஒரு பக்கத்துக் கதவைத் திறந்தால் போதும், தினமும் சொல்கிறேன், அம்மா இரண்டு பக்கமும் திறந்து வைத்துவிட்டுத்தான் வாசலில் நிற்கிறாள்.

இப்படிக்கு,
கேட் திறக்கக் காத்திருக்கும்
உன் அப்பா