சரோஜாவின் கேசரிக் கிண்ணம்

2006 மார்ச், வெள்ளி இரவு

பக்கத்து வீட்டு சரோஜா கேசரி கொண்டுவந்தாள். மகன் குமார் குடியை விட்டதற்காம். அனகாபுத்தூர் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் கொடுக்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது.

"அக்கா, நாளைக்குக் குமார் குடிய வுட வெச்ச தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு மறுபடி போறான். உங்க புள்ள ரஹீமையும் கூட அனுப்புங்க."

"இது முஸ்லிம் வூடு, சரோஜா. குடின்ற பேச்சே கெடையாது. அவன் குடிக்கிறது இருமல் மருந்து."

"இருமலே இல்லியேக்கா! சந்து முழுக்கக் காலி பாட்டிலா கீது."

சாராயம் இல்லையே, மருந்துக்கடைச் சரக்குதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். அவள் மகன் திருந்தினால் தெருவே கேசரி தின்கிறது. நான் வாய் திறந்தால் எங்கள் ஆட்களில் ரஹீமின் மகளை, என் பேத்தியை, யார் கட்டுவார்கள்? அவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக இருக்கிறது?

அவள் போனதும் உள்ளே படுத்திருந்த ரஹீம் கேட்டான். "அம்மா, குமார் எத்தன மணிக்குப் போறானாம்?"

கேட்காதது போல அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கிண்ணத்தைக் கழுவி வைத்திருக்கிறேன். வெறும் கிண்ணமாகத் திருப்பித் தர எனக்கு மனசு வராது. பேரீச்சம்பழம் போட்டிருக்கிறேன். காலையில் ரஹீமிடமே கொடுத்தனுப்ப வேண்டும். குமார் கிளம்புவதற்கு முன்னால்.