நாலு பக்கமும் தைத்த உறை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். இந்த வீட்டில் போன் பேசுவதும் மேடையேறி மைக்கில் பேசுவதும் ஒன்றுதான். அத்தைக்குக் கண், பல், முட்டி எல்லாவற்றுக்கும் வயசாகிவிட்டது, காதுக்கு மட்டும் ஆகவில்லை.

குழந்தை வயிற்றிலேயே ஏழாம் மாதத்தில் போய் நாலு மாதம் ஆகிறது. நீ வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு நான் இன்னும் மோசம். தூக்கமே இல்லை. தூங்குமூஞ்சி என்று நீ வைத்த பெயருக்கே அவமானம். குளிக்கப் போனால் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நிற்கிறேன். அவர் மாதம் ஒருமுறை வெளியூர் வேலையிலிருந்து வருகிறார், என் முகத்தைப் பார்க்கிறார், டிவியைப் போடுகிறார்.

ஆபரேஷன் தையல் பிரிக்கப் போனபோது ஆஸ்பத்திரி நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கேயே பின்கட்டில், எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில், புதன்கிழமை பதினோரு மணிக்குப் பெண்களுக்கு மட்டும் ஆலோசனை. ரொம்ப நாள் அந்தச் சீட்டைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். போன வாரம் போனேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆலோசனை சொல்லும் மேடம், "பேசித்தான் ஆகணும்னு இல்ல. அடுத்த புதனும் வந்து உக்காருங்க" என்றார். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் தூங்கினேன்.

எனக்கு வாராவாரம் போக வேண்டும் அக்கா. மனசுக்குப் பார்க்கப் போகிறேன் என்றால் அத்தை விடமாட்டார். அதனால் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டேன். அவர், "நல்லது. என்ன கத்துக்கிட்டேன்னு அப்பப்ப கொண்டுவந்து காட்டு" என்கிறார். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூட வராதென்று உனக்குத் தெரியும். நீதான் ஏதாவது தைத்து அனுப்பிக் கைகொடுக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பாதே. கீழே இருக்கும் விலாசம் அந்த அறையில் வேலை பார்க்கும் அம்மாவுடையது, வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் தங்கை

*

ஜூன் 9

என் தூங்குமூஞ்சிக்கு,

அக்கா எழுதுவது. அடிப்பாவி, பொய் சொல்வதுதான் சொன்னாய், சமையல் வகுப்பு என்று சொல்லக்கூடாதா? இருபத்திரண்டு வருஷமாக மிஷினில் உட்கார்ந்திருப்பவள் கற்றுக்குட்டி மாதிரி தைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கை தானாக நேராகப் போகிறது. துணியை இழுத்து இழுத்துக் கோணலாக்கினேன். இரண்டு கைக்குட்டை ஓரமடித்து அனுப்பியிருக்கிறேன். இதைப் பார்த்தால் என் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். மாமியாரிடம் காட்டும்போது கொஞ்சம் வெட்கப்படு, அப்போதுதான் நம்புவார்.

போய் உட்காரு. பேசினால் என்ன சரியாகும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் யாரும் வேலை ஏவாமல் உன்னை உட்காரவைத்தால் அதுவே பெரிது.

உன் மாமா அப்படியே இருக்கிறார். பக்கவாதம் வந்து மூன்று வருஷம், வலது பக்கம் இன்னும் வரவில்லை. கோபம் மட்டும் இரண்டு பக்கமும் நன்றாக வருகிறது. பள்ளிக்கூடச் சீருடை வேலை தலைக்குமேல் கிடக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

கைக்குட்டை, பிறகு வந்த துணிப்பை, அடுப்பங்கரைத் துணி எல்லாம் அமோகம். அத்தை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். "பரவாயில்ல, பைக்குக் கொஞ்சம் கை வந்திருக்கு" என்றார். பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு வேறு காட்டினார். அந்தப் பெருமையைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் கூசியது.

நாங்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் டக் டக் என்று அடித்துக்கொள்ளும் ஒரு பேன். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், பஸ் கண்டக்டர் அக்கா ஒருவர். கண்டக்டர் அக்கா அழும்போதும் சத்தமாகத்தான் அழுவார், பின் சீட்டுவரை கேட்கும்.

போன புதன் நான் பேசினேன். குழந்தைக்குத் தலை நிறைய முடி இருந்ததென்று சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட. எல்லோரும் அடுத்தது பிறக்கும், அடுத்தது பிறக்கும் என்கிறார்கள். அந்த அறையில்தான் இந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்டார்கள். அழுது முடித்தபோது உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. ஆனால் அக்கா, பசித்தது.

அத்தை அடுத்து தலையணை உறை கேட்கிறார். கொஞ்சம் முன்னேற்றம் தெரியட்டும், ரொம்ப வேண்டாம். உன் கடைசிக் கடிதம் நாலே வரி. வேலை அதிகமா?

உன் தங்கை

*

ஆகஸ்ட் 1

தங்கைக்கு,

தலையணை உறை தைத்து, கடிதத்தை உள்ளேயே வைத்திருக்கிறேன். வாய்ப்பக்கம் கையை விட்டு எடுத்துக்கொள்.

நீ சாப்பிடுகிறாய் என்றது சந்தோஷம். எனக்கும் வேலைதான், வேறொன்றுமில்லை. நாற்பது சட்டைக்கு வெட்டிய துணி அத்தனையும் ஒரு அளவு சின்னதாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகுதான் நான் தப்பு செய்ததே எனக்கு உறைத்தது. கவனம் எங்கேயோ போகிறது. உன் மாமாவுக்கு ஒரே மாத்திரையை இரண்டு தடவை கொடுக்கப் பார்த்தேன், நல்லவேளை அவர் வாயை மூடிக்கொண்டார்.

பேசு, பேசு என்று போன கடிதத்தில் எனக்கும் எழுதியிருந்தாய். எனக்கு ஒரு மணி நேரம் யாராவது கொடுத்தால் நான் பேசமாட்டேன், படுத்துவிடுவேன். சரி, மிஷின் காத்திருக்கிறது.

அக்கா

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கத்திரியால் வெட்டித்தான் எடுத்தேன். அந்த உறைக்கு வாயே இல்லை. நாலு பக்கமும் தைத்திருக்கிறாய்.

முதலில் சிரித்தேன். பிறகு தையலைப் பார்த்தேன். நீ வேண்டுமென்று கோணலாகத் தைப்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். தொடக்கமும் முடிவும் கெட்டியாக இருக்கும், நடுவில் மட்டும் ஆடும். இதில் ஒரு இடத்தில் நூலே இல்லாமல் ஊசி மட்டும் ஒரு சாண் ஓடியிருக்கிறது. நீ பார்க்கவே இல்லை.

அந்த உறையை அறைக்குக் கொண்டுபோனேன். மேடம் எப்போதும் கேட்பார், "இந்த வாரம் உங்களை யார் பாத்துக்கிட்டாங்க?" நான் எப்போதும் போல, "எங்க அக்கா" என்றேன். கண்டக்டர் அக்கா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப உங்க அக்காவ யாரும்மா பாத்துக்கறது?" என்று கேட்டார். மூன்று மாதமாக என்னைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நாலு நாள் என் சமையலைத் தொடவில்லை. ஐந்தாம் நாள், "அப்ப இதெல்லாம் யார் தைச்சது?" என்றார். அக்கா என்றேன். "இருபது வருஷமா தைக்கிறவங்க இவ்வளவு மோசமாவா தைப்பாங்க?" என்றார். அவ்வளவுதான். நேற்று புதன், போகாதே என்று சொல்லவில்லை.

இனி எனக்காகத் தைக்க வேண்டாம். மேடத்துடன் படித்தவர் ஒருவர் உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவருக்கும் புதன்கிழமைதான். நான் வந்து மாமாவைப் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வா.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 19

தங்கைக்கு,

யாரைக் கேட்டு என் தையலைக் கொண்டுபோய் நாலு பேர் நடுவில் விரித்தாய்? ஒரு உறையில் தப்பு வந்தால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? மூன்று மாதம் போய் உட்கார்ந்துவிட்டு வந்து எனக்கு வைத்தியம் சொல்கிறாய். எனக்குக் குழந்தையும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. இருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி தைக்க வேண்டாம் என்று சுலபமாக எழுதிவிட்டாய். இங்கே நான் தைக்கும் எல்லாவற்றிலும் ஒரு குறை. கழுத்து இறக்கம், கை இறுக்கம், ஏன் நேற்றே தரவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்று உன் மாமா தட்டைத் தள்ளுகிறார். வாரத்தில் உனக்குத் தைப்பது ஒன்றுதான் யாரும் குறை சொல்லாதது. எவ்வளவு மோசமாகத் தைத்தாலும் சரியென்று வாங்கிக்கொள்ள நீ ஒருத்தி இருந்தாய். அதையும் எடுத்துவிட்டாய்.

போன மாதம் கடைச் சாமான் வாங்கிக்கொண்டு வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போய், கேட் திறந்து, பின்னால் இருந்த லாரிக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். என்ன நினைத்துக்கொண்டு நின்றாய் என்று கேட்காதே.

வர வேண்டாம்.

*

ஆகஸ்ட் 22

அக்கா,

நேற்று நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் "கடையில ஆள் இருக்காங்க" என்று வைத்துவிட்டாய். உன் பின்னால் மிஷின் சத்தம்கூட இல்லை.

நீ கேட்காதே என்றதைத்தான் கேட்கிறேன். ரயில்வே கேட்டில் நின்றபோது செத்துப்போகலாம் என்று நினைத்தாயா? நானும் குழாயடியில் அப்படி நின்றவள்தான். அந்த அறையில் அதைச் சொன்னபோது யாரும் திடுக்கிடவில்லை, டீச்சர் நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். மறுபடி அப்படித் தோன்றினால் எந்த நேரமானாலும் உடனே எனக்குப் போன் செய். அத்தை கேட்டால் கேட்கட்டும்.

இதோடு ஒரு தலையணை உறை வைத்திருக்கிறேன். நானே கையால் தைத்தது, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆனது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, "இப்பத்தான் நிஜமா கத்துக்கறியா?" என்று சிரித்தார். விரலெல்லாம் ஓட்டை. வாய் மட்டும் ஞாபகமாகத் திறந்து விட்டிருக்கிறேன்.

வரும் புதன் காலை எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். நீ வேண்டாம் என்றாலும் வருவேன்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 25

என் தூங்குமூஞ்சிக்கு,

உறை வந்தது. நான் வேண்டுமென்று தைத்தால்கூட இவ்வளவு கோணல் வராது. ஒரு தையல் நெல் அளவு, அடுத்தது விரல் அளவு. பிரித்துத் தைக்கலாம் என்று கத்திரியை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். என் தலையணைக்கே போட்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். அப்படித்தான் நினைத்தேன். இரண்டு தடவை. எழுதிவிட்டேன், இதற்கு மேல் எழுத வரவில்லை.

புதன்கிழமை வா. பத்து மணிக்கு மாமாவுக்கு மாத்திரை, சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். டப்பாவில் எடுத்து வைத்துவிடுகிறேன். வாயைத் துடைத்துவிடப் போகாதே, கோபம் வரும். துணியை இடது கையில் கொடுத்துவிட்டால் அவரே துடைத்துக்கொள்வார். எங்கே போகிறேன் என்று அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். கடைக்கு யாராவது வந்தால் நாளைக்கு வரச் சொல். நீ தைத்துத் தருகிறேன் என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே.

முதல் நாள் ஒரு மணி நேரம் நீ ஒன்றுமே பேசவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார்கள்தானே?

அக்கா