ரயில் இல்லாத ஊருக்கு ரயில் விளம்பரம்

1957 செப்டம்பர், ஞாயிறு இரவு.

பக்கத்து ஊரான தம்பினில் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் மருமகன் ஒரு விளம்பரப் படம் கொண்டுவந்தார். மலாக்காக் கோட்டை வாசல், பக்கத்தில் கடல். ரயிலேறிச் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று எழுதியிருக்கிறதாம்.

"இங்க ஏது மாப்பிள்ள ரயிலு?"

"தம்பின்ல எறங்கி பஸ் எடுப்பாங்க, அத்தை."

யுத்தத்தின்போது எங்கள் மலாக்காத் தண்டவாளத்தை ஜப்பான்காரன் பிடுங்கிச் சயாமுக்குக் கொண்டுபோனான். அங்கே பாதை போட என் வீட்டுக்காரரையும் பிடித்துக்கொண்டு போனான். இரண்டும் திரும்பவில்லை. நான் எதையும் மறக்கவில்லை.

"சயாமுக்கும் இப்படிப் படம் போட்டு ஆள் கூப்பிடுறாங்களா?"

"கூப்பிடுவாங்க. ஏன், சுத்திப் பாக்கப் போறீங்களா?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் போட்ட பாதையில் இப்போது ரயில் ஓடுகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஓடினால் ஏறிப் போவேன்.